பூநாரை நிறைய வந்தால் பழவேற்காடு ஏரி நலமாக இருக்கிறது என்று அர்த்தமா?

1. தடாக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் தடாவில் குடியிருக்கிறேன். எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. ரேஷன் அட்டை ஆந்திரத்தில், தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் ஆரம்பாக்கம்.

ஒவ்வொரு தை மாதமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலைக்குப் போவேன். சாலைக்கு இரண்டு பக்கமும் ஏரி. முன்பெல்லாம் வண்டியை ஓரம் கட்டினாலே பூநாரைகள் கல்லெறி தூரத்தில் நிற்கும். இந்தத் தடவை எங்கோ தொலைவில் ஒரு சிறு கூட்டம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒருவர் "ஏரி செத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்து வருஷத்தில் வெறும் திடல்" என்றார். இன்னொருவர் "மழை அதிகம், வேறொன்றுமில்லை" என்றார். பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

இந்த ஏரியை அறிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உண்மை எது?

2. நத்தைகுத்தி

தடாக்காரன் அண்ணா, நான் சூலூர்பேட்டை. பதினைந்து வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் பறவைக் கணக்கு எழுதிவருகிறேன். அதிலிருந்து சொல்கிறேன்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்றோடு கலந்த நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும் பறவை. பாசி, நுண்ணிய இறால் வகைகள், பூச்சிப் புழுக்கள்தான் அதன் உணவு. அதற்குத் தோதான ஆழம் கணுக்காலிலிருந்து தொடை வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிய வருஷம் தை மாதத்தில் சாலையோரம் தண்ணீர் ஆழமாக இருக்கும். அப்போது அவை ஆழம் குறைந்த திட்டுப் பக்கம் போய்விடும். மாசியில் தண்ணீர் இறங்க இறங்கச் சாலைப் பக்கம் வந்துவிடும். நீங்கள் மூன்று வாரம் கழித்து ஒரு முறை போய்ப் பாருங்கள்.

நல்ல மழை பெய்த வருஷங்களில் தை மாதக் கணக்கு குறைவாகவும், மழை பொய்த்த வருஷங்களில் கூடுதலாகவும் என் நோட்டில் பல தடவை வந்திருக்கிறது. ஒரு நாள் பார்த்ததை வைத்து ஏரி செத்தது என்றோ பிழைத்தது என்றோ சொல்ல முடியாது. அதுவும் பூநாரை இங்கே கூடு கட்டுவதில்லை. இனப்பெருக்கத்துக்கு அது கட்ச் பாலைக்குப் போகிறது. அங்கே ஒரு வருஷம் தண்ணீர் சரியாக நிற்காவிட்டால் அதன் விளைவும் நம் ஏரியில் தெரியும்.

3. வலைக்காரன் மகன்

நத்தைகுத்தி சொன்னது சரி. ஆனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

நான் தெற்கு முனை, பழவேற்காட்டுக்காரன். அப்பா, தாத்தா எல்லாம் ஏரியில் வலை போட்டவர்கள். எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்த ஒரு வருஷம் நினைவிருக்கிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மாசியிலேயே அடைபட்டுவிட்டது. தண்ணீர் நாற்றம் எடுத்தது. இறால் இல்லை, மடவை குறைந்தது, பெண்டுகள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதே மாதம் வடக்கே பூநாரை ஆயிரக்கணக்கில் நின்றது. படம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் ஏரி அருமையாக இருக்கிறது என்று எழுதினார்கள். அந்தப் பறவைக்கு உப்பேறிய ஆழமில்லாத தண்ணீர் போதும். எங்கள் இறாலுக்கு அது போதாது.

இறாலின் வாழ்க்கை இரண்டு வீட்டு வாழ்க்கை. தாய் இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சு பொடியாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓதத்தோடு, அதாவது கடல் நீரின் ஏற்றத்தோடு, சேர்ந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். இங்கே பாசியும் சேறும் உவர்நீரும் இருக்கும் இடத்தில் மூன்று நான்கு மாதம் வளரும். அப்புறம் வளர்ந்த இறால் மறுபடி கடலுக்குப் போக வேண்டும். அந்தப் போகும் வழியில்தான் நாங்கள் சுத்துவலை கட்டுவோம். வாய் மூடிவிட்டால் வருகிற குஞ்சும் வராது, உள்ளே இருப்பதும் வெளியே போய் முட்டையிடாது. கடலில் பிடிக்கிறவனுக்கும் நஷ்டம், ஏரியில் பிடிக்கிறவனுக்கும் நஷ்டம்.

அதனால் என்னைக் கேட்டால் ஏரி நலமா என்று தெரிந்துகொள்ளப் பறவையை எண்ண வேண்டாம். முகத்துவாரத்தில் போய் நில்லுங்கள். தண்ணீர் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பாருங்கள்.

4. தடாக்காரன்

தம்பி, இவ்வளவு காலம் ஏரிப் பக்கம் இருந்தும் இது எனக்குத் தெரியாது. முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது? முன்பும் அடைபட்டதா?

5. வலைக்காரன் மகன்

முன்பும் அடைபடும், அண்ணா. ஊரே மண்வெட்டியோடு போய் வெட்டித் திறந்ததாக அப்பா சொல்வார். ஆனால் மழை வந்தால் ஆரணியாற்று வெள்ளம் தானாக உடைத்துத் திறந்துவிடும், அப்புறம் பல மாதம் கவலை இருக்காது என்பார். இப்போது அடைபடுவது சீக்கிரம், திறப்பது தாமதம். காரணத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

6. மணல்நடை

நான் கடலோரக் கட்டுமானத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி. காரணம் ஒன்றல்ல, பின்னிக் கிடக்கிறது. எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன்.

நம் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலை சாய்ந்து அடித்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பத் தெற்கே தள்ளும். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. மீனவர்கள் இதைத் தெண்டி, வன்னி என்று எங்களுக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி.

இப்படி நடந்து போகும் மணல் முகத்துவாரத்தைக் கடக்கும்போது வாயில் ஒரு மணல் மேடாக விழுந்து அடைக்கப் பார்க்கும். அதை எதிர்த்து வாயைத் திறந்து வைப்பது எது? ஒவ்வொரு ஓதத்திலும் உள்ளே புகுந்து வெளியே பாயும் தண்ணீர். நம் கரையில் ஓதத்தின் ஏற்றமே பெரிய ஓதத்தில்கூட ஒரு மீட்டர் அளவுதான். அந்தச் சின்ன ஏற்றத்தைப் பெரிய பரப்பு வாங்கிக்கொண்டால்தான் திரும்பும்போது வேகம் இருக்கும். ஏரி தூர்ந்து, ஆழம் குறைந்து, பரப்பு சுருங்கினால் உள்ளே போகும் நீரே குறைவு. வெளியே வரும் வேகமும் குறைவு. மணல் ஜெயித்துவிடும். வாய் அடைபட்டால் ஏரி இன்னும் தூரும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். இந்தச் சுழலில்தான் பழவேற்காடு மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்று ஏரியின் பெரும்பகுதியில் சராசரி ஆழம் ஒரு மீட்டர் தான்.

இதோடு ஆற்று நீர். தெற்கே ஆரணி, வடமேற்கே காளங்கி, வடக்கே சுவர்ணமுகியின் கிளைகள். மேலே அணைகளும் ஏரிகளும் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஆரணிக்கே ஆந்திரப் பக்கம் பிச்சாட்டூரில் அணை இருக்கிறது. குடிக்கவும் பயிருக்கும் வேண்டும்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாயை உடைத்துத் திறக்கும் அந்த முதல் வெள்ளம் மெலிந்துவிட்டது.

கடைசியாகத் துறைமுகங்கள். கடலுக்குள் கல்சுவர் நீட்டினால் மணலின் நடை அங்கே நிற்கும். தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் எல்லோரும் அறிந்தது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கின்றன. நம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒல்லியான மணல் திட்டு. அது அரித்தால் முகத்துவாரப் பிரச்சினை என்பதே வேறு பிரச்சினையாகிவிடும்.

7. ஆரம்பாக்கம் வாத்தியார்

மணல்நடை ஐயா தெற்கு வாயைப் பற்றி மட்டும் சொன்னார். இந்த ஏரிக்கு மூன்று வாய்கள். தெற்கே பழவேற்காடு, நடுவில் ராயதொருவு, வடக்கே தூப்பிலிபாளையம் பக்கம் கொண்டூர். ஆந்திரப் பகுதியில் உள்ள இரண்டும் தூர்ந்து கிடக்கின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், திறக்கும் வாயோ தமிழ்நாட்டில். 60 கி.மீ. நீளமுள்ள உடம்புக்கு ஒரு மூலையில் மட்டும் மூக்கு என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அந்த உடம்பின் நடுவில் ஒரு கட்டும் போட்டிருக்கிறோம். தடாக்காரன் பறவை பார்க்கப் போன சாலைதான் அது. ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ராக்கெட் ஏவினார்கள். அந்தத் தீவுக்குச் சாலை தேவைதான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. என் மாணவர்கள் சிலர் அங்கே வேலை செய்கிறார்கள். ஆனால் ஏரியின் குறுக்கே மண் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டு, அடியில் சில இடங்களில் மட்டும் நீர் போக வழி விட்டால் வடக்கும் தெற்கும் ஒரே ஏரியாக எப்படி இருக்கும்? தெற்கிலிருந்து வரும் ஓதம் சாலையைத் தொடுவதற்குள் களைத்துவிடுகிறது. வடக்குப் பகுதி கோடையில் கடலை விட உப்பாகி, பல இடங்களில் வற்றி வெடித்துப் போகிறது.

பாலமாக, தூண்களின் மேல் சாலை போக வேண்டும் என்பது என் ஆசை. செலவு பெரிது என்பது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் மதகுகளை அகலப்படுத்தி, ஆண்டுதோறும் தூர் வார வேண்டும்.

8. உப்புக்காற்று

மணல்நடை ஐயா, ஒரு கேள்வி. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கற்சுவர் எழுப்பி நிரந்தரமாகத் திறந்து வைக்கும் வேலையைத் தமிழக அரசு எடுத்ததே. அப்படியே ஆந்திரத்திலும் மற்ற இரண்டு வாயையும் சுவர் கட்டித் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? பேச்சு எதற்கு?

9. மணல்நடை

சுவரால் பலன் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய் இடம் மாறாமல் இருக்கும், படகு போய் வரும். ஆனால் மேலே சொன்ன அதே விதி இந்தச் சுவருக்கும் பொருந்தும். நடக்கும் மணலை இதுவும் நிறுத்தும். சுவருக்கு வடக்கே இருக்கும் கரையை வருஷா வருஷம் அளந்துகொண்டே இருக்க வேண்டும். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு இல்லாமல் சுவர் மட்டும் கட்டினால் ஒரு குப்பத்தின் கஷ்டத்தை அடுத்த குப்பத்துக்கு நகர்த்தியதாகத்தான் முடியும்.

இன்னொன்று. எப்போதும் அகலத் திறந்த வாயும் ஏரிக்கு இயல்பு இல்லை. மழைக் காலத்தில் நன்னீரும், கோடையில் உப்பும், இடைப்பட்ட மாதங்களில் கலவையும் என்று மாறி மாறி வருவதில்தான் இத்தனை வகை மீனும் இறாலும் நண்டும் வாழ்கின்றன. ஏரியைக் கடலின் ஒரு கிளையாக ஆக்கிவிடக் கூடாது. எனவே சுவரை விட ஆற்று நீரும் ஏரியின் பரப்பும் முக்கியம் என்பேன்.

10. வலைக்காரன் மகன்

ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன். அடைபட்ட வாயைப் பார்த்துக்கொண்டு ஆற்று நீருக்காகக் காத்திருக்க எங்களால் முடியாது. படகைக் கடலுக்குத் தள்ள இடமில்லாமல் நின்ற நாட்களை நான் பார்த்திருக்கிறேன். சுவர் கட்டிய பிறகு மணலை அளக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அளப்பவர்களில் குப்பத்து ஆட்களும் இருக்க வேண்டும். கடல் எந்த மாதம் எவ்வளவு மண்ணைக் கொண்டுவந்தது என்று எங்களுக்கு வாரக் கணக்கில் தெரியும்.

11. மணல்நடை

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. அது நியாயம்.

12. குட்டைக்காரர் மருமகன்

நீண்ட நாட்களாக இந்தப் பக்கங்களைப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. என் மாமனார் ஆந்திரப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறார், நான் அவருக்கு உதவி. ஏரி பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் கடைசியில் குட்டைக்காரர்கள் மேல்தான் பழி வரும். இதிலும் வரும் என்று நினைக்கிறேன். அதற்குள் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நெல் விளையாத உவர் நிலத்தில் பிழைக்க வேறு வழி இல்லாததால்தான் இறங்கினோம். தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்தபோது வீட்டு நகை எல்லாம் போனது. 2009-க்குப் பிறகு வனாமி என்ற இறால் வகை வந்ததும் மறுபடி எழுந்தோம்.

13. ஆரம்பாக்கம் வாத்தியார்

தம்பி, எழுதியதற்கு நன்றி. பழி சொல்ல அல்ல, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது, பழைய பாரம்பரிய முறைக் குட்டைகளுக்கு மட்டும் விலக்கு. அதோடு இரண்டு ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றின் கரையிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் குட்டை கூடாது என்றது. ஒன்று ஒடிசாவின் சிலிக்கா. இன்னொன்று நம் பழவேற்காடு. நாட்டின் உவர்நீர் ஏரிகளில் முதலாவதும் இரண்டாவதும் அவைதான். 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்து விதிகள் மாறின. ஆனால் அந்த 1000 மீட்டர் ஏன் என்பதை நம் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? குட்டையை அறுவடை செய்து காலி செய்யும்போது தீவனக் கழிவும் மருந்தும் கலந்த நீர் வாய்க்கால் வழியாக ஏரிக்குத்தான் வரும். ஒரு குட்டை என்றால் ஏரி தாங்கும். நூறு குட்டை ஒரே வாரத்தில் திறந்தால்?

14. குட்டைக்காரர் மருமகன்

வாத்தியார் ஐயா, கழிவுநீரை நேராக விடக் கூடாது, தனிக் குட்டையில் தேக்கித் தெளிய வைத்து விட வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதைச் செய்வதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். தேக்கும் குட்டைக்கு நிலம் போனால் வளர்ப்புக் குட்டை குறையும் என்பதுதான் காரணம். ஏரி நீரை எடுத்துத்தான் நாங்களும் குட்டையை நிரப்புகிறோம். அது கெட்டால் முதலில் நோய் வருவது எங்கள் இறாலுக்கு. இதை மாமனாரிடம் பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன்.

15. ஆரணிக்கரைச் செவிலி

இவ்வளவு பேசியும் ஒரு கூட்டத்தார் இந்த இழையில் வரவே இல்லை. அவர்களில் யாரும் இங்கே எழுத வர மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஏரிக்கரை ஊர்களில் சுகாதார வேலை பார்க்கிறேன். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். படகும் வலையும் கிடையாது. காலிலும் கையிலும் ஆளி ஓடு கிழித்த புண்ணோடுதான் என்னிடம் வருவார்கள். தண்ணீர் கெட்டால் அந்தப் புண் ஆறுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதற்குப் பிறகு கை நமைச்சல் என்று வந்தவர்களை நான் மறக்கவில்லை.

எண்ணூர்ப் பக்கம் இப்போது காக்கா ஆழி என்ற அயல்நாட்டுச் சிப்பி ஆற்றுத் தரை முழுக்கப் பாய் விரித்தது போல் படர்ந்துவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் வழி வந்தது என்கிறார்கள். கேரளத்தில் அஷ்டமுடிக் காயலையும் அது பிடித்திருக்கிறது. இறால் புதைந்து வாழச் சேறு வேண்டும். தரை சிப்பியால் மூடிக்கொண்டால் கையால் துழாவுகிறவர்களுக்கு முதலில் பிழைப்புப் போகும். எண்ணூரையும் பழவேற்காட்டையும் பக்கிங்ஹாம் கால்வாய் சேர்க்கிறது. இதைப் பற்றித்தான் எனக்கு இரவில் கவலை வருகிறது.

16. வலைக்காரன் மகன்

அக்கா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். பாடு என்றால் வலை போடும் இடம். எங்கள் பாடு முறையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பெருமையாக எழுதுகிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்று ஊரும் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்தப் பாடு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று பங்கிடுவோம். யாரும் அதிகமாகப் பிடித்து ஏரியைக் காலி செய்துவிடாமல் அந்த முறைதான் இத்தனை தலைமுறை காத்தது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் தலைக்கட்டு உள்ளவருக்கே பாடு. இருளருக்கும், பின்னால் ஏரித் தொழிலுக்கு வந்த மற்ற ஊர்க்காரர்களுக்கும் அதில் இடமில்லை. மீன் குறையக் குறைய இந்தச் சண்டைதான் பெரிதாகிறது. எல்லை தாண்டி வலை போட்டதாக ஆந்திர மீனவர்களுக்கும் எங்களுக்கும் நடக்கும் தகராறும் அப்படித்தான். ஏரியில் மீன் நிறைய இருந்த காலத்தில் எல்லை எங்கே என்று யாரும் கேட்டதில்லை என்று தாத்தா சொல்வார்.

17. நத்தைகுத்தி

நான் பறவையைப் பற்றி மட்டும் எழுதினேன் என்று ஒரு சங்கடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

பூநாரையை விடுங்கள். கூழைக்கடாவைப் பாருங்கள். இங்கிருந்து 20 கி.மீ. தொலைவில் நேலப்பட்டு ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் அது கூடு கட்டுகிறது. குஞ்சுக்கு மீன் தேடி நம் ஏரி வரை பறந்து வரும். அதற்கு வேண்டியது மீன், அதாவது வலைக்காரன் மகனுக்கு வேண்டியதேதான். நேலப்பட்டு ஊர்க்காரர்கள் அந்தப் பறவையைத் துரத்துவதில்லை. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வேதுருபட்டில் ஊர் நடுவே உள்ள மரங்களில் சங்குவளை நாரை கூடு கட்டுகிறது, வீட்டுக்காரர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

சூலூர்பேட்டையில் நடக்கும் பூநாரைத் திருவிழா நல்லதுதான். பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பந்தலில் ஒரு மூலையில் முகத்துவாரம் பற்றியும் ஒரு படம் வைக்கலாமே. ஒரு மீனவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாமே.

18. உப்புக்காற்று

இரண்டு மாநிலமும் சரணாலயம் என்று அறிவித்துவிட்டன அல்லவா? ஆந்திரம் 1976-ல், தமிழ்நாடு 1980-ல். அதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்?

19. ஆரம்பாக்கம் வாத்தியார்

தமிழ்நாட்டுப் பக்கம் 153.67 சதுர கி.மீ. சரணாலயம். காகிதத்தில் அது பெரிய பாதுகாப்பு. ஆனால் சரணாலயம் என்பது வனத்துறையின் கையில், மீன் மீன்வளத்துறையின் கையில், முகத்துவாரம் நீர்வளத்துறையின் கையில், சாலை வேறு கையில். அதிலும் இரண்டு மாநிலம், அதனால் எல்லாம் இரண்டிரண்டு. ஆரணியில் எப்போது எவ்வளவு நீர் விட வேண்டும் என்று மீனவரைக் கேட்டு முடிவு செய்யும் இடம் எது? எனக்குத் தெரிந்து அப்படி ஓர் இடம் இல்லை. சிலிக்காவுக்கு ஒரே மாநிலம், அதற்கென்று ஒரு வளர்ச்சி ஆணையம். 2000-ல் அங்கே கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள், மீன் திரும்பியது. ராம்சர் என்ற உலக ஈரநில ஒப்பந்தப் பட்டியலில் ஆபத்தான இடங்கள் வரிசையில் இருந்த அந்த ஏரி 2002-ல் அதிலிருந்து வெளியே வந்தது. நமக்கு அப்படி ஒரே ஆணையம், இரண்டு மாநிலமும் உட்காரும் ஒரே மேசை வேண்டும்.

அதுவரை நம் கையில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். உப்பு அளவு. சாலையின் வடக்கேயும் தெற்கேயும் நீர் எவ்வளவு மாறுபடுகிறது என்று மாதாமாதம் அளந்து வைத்தால், மதகு போதவில்லை என்று நாம் வாயால் சொல்வதை எண்ணால் சொல்ல முடியும். என் பள்ளிக்கூடத்தில் கருவி இல்லை.

20. குட்டைக்காரர் மருமகன்

ஐயா, என்னிடம் இருக்கிறது. குட்டையில் தினமும் சலினிட்டி பார்ப்போம். ஒரு சொட்டு நீரைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். எங்களிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றைத் தருகிறேன். மாமனாரிடம் கேட்டேன். "கொடு, ஆனால் நம் வாய்க்கால் வாயிலும் ஒரு அளவு எடுக்கச் சொல்" என்றார்.

21. தடாக்காரன்

நான் பறவை கேட்கப் போய் இங்கே வந்து நிற்கிறோம். சாலையில் இரண்டு பக்கமும் அளக்க நான் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. பீமுனிவாரிப்பாளையம் படகுத்துறையிலும் ஒரு அளவு எடுக்கலாம். இரக்கம் தீவுக்குப் படகு விடுகிறவர் எனக்குத் தெரிந்தவர், தீவின் கிழக்குப் பக்க நீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்கிறேன்.

22. ஆரணிக்கரைச் செவிலி

ஆரணி ஏரியில் கலக்கும் இடம் என் வேலை வழியில் இருக்கிறது. அங்கே நான் எடுக்கிறேன். இறால் பிடிக்கும் பெண்களிடமும் கேட்பேன். தண்ணீரை நாக்கில் வைத்தே உப்பு ஏறியதா இறங்கியதா என்று சொல்வார்கள். அவர்கள் சொன்னதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

23. வலைக்காரன் மகன்

முகத்துவாரம் என் பொறுப்பு. ஒரு விஷயம் மட்டும்: எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓதம் மாறிக் கணக்குக் கெட்டுவிடும். அமாவாசையன்று எடுக்கலாம். அன்று ஏற்றம் பெரிது, ஆந்திரப் பக்கம் வரை தண்ணீர் எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று தெரியும். எந்த நேரத்துக்கு வெள்ளம் ஏறும் என்று முந்தின நாள் இரவு இங்கே எழுதுகிறேன்.